ஆட்டத்தொழிலாளரும் அவர்தம் பிணக்குகளும்

மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையில், வாவியை அணைத்துக் கிடக்கும் தன்னாமுனை போன்ற ஊர்களில், வெயில் தணிந்ததும் பந்தும் மட்டையும் வெளிப்படுதல் அன்றாட வழக்கு. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் எல்லே ஆட்டம் நிகழும். ஏனைய நாள்களிற் கிரிக்கெட்டே மிகுதி. நகரிலோ, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர் புனித மைக்கேல் கல்லூரியில் வேரூன்றச் செய்த கூடைப்பந்தாட்டம் பெயர்பெற்றது. அவருள் ஒருவரான வெபர் அடிகளின் பெயர் நகர மைதானத்துக்கு இன்றும் வழங்குகின்றது. இவ்வாட்டங்களில் வெற்றியுண்டு, தோல்வியுண்டு, சில வேளைகளிற் சச்சரவுமுண்டு. கூலி மட்டும் இல்லை. கூலி இல்லாதவிடத்துக் கூலிப் பிணக்கும் இல்லை.

மைதானத்தைச் சுற்றி வேலி அடைத்து, வாயிலிற் காசு வாங்கத் தொடங்கிய நாளிலேயே நிலைமை மாறுகின்றது. வந்த பணத்தில் ஆடியவனுக்கு எத்துணை, ஆட்டத்தை நடத்தியவனுக்கு எத்துணை என்ற வினா உடனே எழும். ஆயின் இவ்வினா மேற்போக்கானது. இதன் அடியில் மற்றொரு வினா கிடக்கின்றது. தன் திறனை வேறோரிடத்தில் விற்பதற்கு ஆட்டக்காரன் உரியவனா, அல்லனா என்பதே அது. இவ்வுரிமை உள்ளவிடத்து ஊதியம் தானே உயரும்; இல்லாதவிடத்து எத்தனை ஒப்பந்தம் எழுதினும் உயராது. அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ நூறாண்டு சென்றது. இலங்கையின் கிரிக்கெட் உலகில் அதற்கு இன்னும் தெளிந்த விடை பிறக்கவில்லை.

அமெரிக்கரின் தேசிய ஆட்டமெனப் போற்றப்படும் பேஸ்போல், எல்லேயை அறிந்தோர்க்கு முற்றும் புதியதன்று. எறியப்படும் பந்தை அடித்துவிட்டு நான்கு நிலைகளைச் சுற்றி ஓடி வருவதே அதன் சாரம். அது தொழிலாக மாறிய சின்னாட்களில், 1879 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், தேசியக் கூட்டிணைப்பைச் சேர்ந்த அணியுடைமையாளர் தமக்குள் ஓர் உடன்பாடு செய்தனர். ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரருள் ஐவரை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அவ்வைவரை ஏனைய அணிகள் நாடுதலாகாது. காலப்போக்கில் ஐவர் பதினொருவராயினர்; பின்னர் அணியினர் யாவரும் இவ்விதிக்குள் அடங்கினர். ஒப்பந்தம் ஓராண்டுக்கே, எனினும் அவ்வாண்டு முடிந்த பின்னரும் அவன் அவ்வணிக்கே உரியவன். அணி அவனை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நீக்கிவிடலாம். அவன் அணியை விட்டு நீங்குதல் மாத்திரம் இயலாது.

மட்டக்களப்பு வயல்வாழ்க்கையை அறிந்தோர்க்கு இந்நிலையை விளக்க நெடிய சொற்கள் வேண்டா. முன்பணமும் நெல்லும் கடனாகப் பெற்ற முல்லைக்காரன், கடன் தீரும்வரை வேறொரு போடியாரின் வயலுக்குப் போதல் எளிதன்று. ஆயின் அவனைப் பிணித்தது கடன். கடனைத் தீர்த்தால், உழைக்கும் கையளவிலேனும் அவன் விடுபட்டவன். பேஸ்போல் ஆட்டக்காரனோ கடன்படாமலே பிணைக்கப்பட்டான். தீர்ப்பதற்கு அவனிடம் ஒரு கடனும் இருக்கவில்லை.

இதனை முதலில் எதிர்த்தவர் ஜோன் மொன்ட்கொமரி வோட் என்னும் ஆட்டக்காரர். அவர் சட்டமும் பயின்றவர். 1885 ஆம் ஆண்டில் ஆட்டக்காரர் சகோதரத்துவம் என்ற சங்கத்தை நிறுவினார். 1890 ஆம் ஆண்டில் ஆட்டக்காரர் தாமே நடத்திய தனிக் கூட்டிணைப்பொன்றும் தோன்றிற்று. புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் அதனிற் சேர்ந்தனர். ஆயினும் அதற்கு முதலிட்ட செல்வர் ஒரு பருவம் முடிந்ததுமே பழைய உடைமையாளருடன் இணங்கிப் போக, முயற்சி சரிந்தது. நீதிமன்றமும் துணைநிற்கவில்லை. பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று, ஆதலின் ஏகபோகத் தடைச் சட்டம் அதனைத் தீண்டாது என்று 1922 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் ஊராகச் சென்று காசுக்கு ஆடும் தொழிலை வணிகமன்று என்று கூறிய இத்தீர்ப்பு, சட்ட வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

விந்தையாயினும் அது நிலைத்தது. சென்ற் லூயிஸ் அணியின் கறுப்பின ஆட்டக்காரரான கேர்ட் ஃபிளட் என்பவர், 1969 ஆம் ஆண்டில் தம்மைக் கேளாமலே பிலடெல்பியா அணிக்கு மாற்றப்பட்டபோது, தாம் வாங்கவும் விற்கவும் உரிய பொருளல்லர் எனக் கூறி வழக்காடினார். அவர் ஆண்டுக்கு 90,000 டொலர் ஊதியம் பெற்றவர். ஆதலின் வறுமையால் வழக்காடினார் எனல் பொருந்தாது. 1972 ஆம் ஆண்டில் ஐவருக்கு மூவர் என்ற அளவில் வழக்குத் தோற்றது. அவரது ஆட்ட வாழ்வோ அதற்கு முன்னரே முடிந்திருந்தது.

வழக்கிற் கிட்டாதது சங்கத்தாற் கிட்டிற்று. உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பணியாற்றிய பொருளியலறிஞர் மார்வின் மில்லர், 1966 ஆம் ஆண்டில் ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். அவர் முதலிற் பெற்றவை சிறியன போலத் தோன்றும். குறைந்த ஊதியம் 6,000 டொலரிலிருந்து 10,000 ஆயிற்று. 1970 ஆம் ஆண்டு உடன்பாட்டில், பிணக்குகளைச் சுயாதீனமான நடுத்தீர்ப்பாளரிடம் விடுவதென்ற வாசகம் சேர்ந்தது. உடைமையாளர் இவ்வாசகத்தின் வலிமையை உணர்ந்திலர். 1975 ஆம் ஆண்டு டிசெம்பர் 23 ஆம் நாள், நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ், ஒதுக்கு விதி ஓராண்டுக்கு மேற் செல்லாது என்று மெசர்ஸ்மித், மக்னலி என்னும் இருவர்க்குச் சார்பாகத் தீர்த்தார். உடைமையாளர் அவரை உடனே நீக்கினர். தீர்ப்பை நீக்க அவரால் இயலவில்லை. அவ்வாண்டில் ஏறத்தாழ 45,000 டொலராக இருந்த சராசரி ஊதியம், 1981 ஆம் ஆண்டில் 1,85,000 டொலரைத் தாண்டிற்று. பின்னர் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களும் கதவடைப்புகளும் பல. 1994 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய வேலைநிறுத்தம் 232 நாள்கள் நீடித்து, அவ்வாண்டின் உலகத் தொடரையே இல்லாமற் செய்தது.

கிரிக்கெட்டில் இத்தகைய ஒதுக்கு விதி எழுத்தில் இருந்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அமெரிக்காவிற் பல அணியுடைமையாளர் இருந்தமையால், ஒருவர் ஆளை மற்றவர் கவராதிருக்க உடன்பாடு வேண்டியிருந்தது. கிரிக்கெட்டிலோ ஒரு நாட்டுக்கு ஒரே சபை. நாட்டுக்காக ஆடவேண்டுமாயின் அச்சபையின் வாயிலொன்றே வாயில். வாங்குவோன் ஒருவனாயின் விற்போன் எங்கே போவான்? இந்நிலையை முதலிற் குலைத்தவர் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பக்கர். ஒளிபரப்புரிமையை அவுஸ்திரேலியச் சபை மறுக்கவே, 1977 ஆம் ஆண்டில் உலகின் முன்னணி ஆட்டக்காரர் பலரைத் தாமே ஒப்பந்தம் செய்தார். சபைகள் அவர்களைத் தடைசெய்ய முயன்றன. ரோனி கிரெய்க் முதலானோர் தொடுத்த வழக்கில், அத்தடை தொழில்செய்யும் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துவது என்று அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் மேல் நீதிமன்றத்து நீதிபதி சிலேட் தீர்ப்பளித்தார். உதைபந்தாட்டக்காரர் ஈஸ்ற்றாமின் வழக்கில் 1963 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இந்நெறி நிறுவப்பட்டிருந்தது. அக்காலத்திலேயே இங்கிலாந்து ஆட்டக்காரரின் டெஸ்ட் ஊதியம் 210 பவுணிலிருந்து 1,000 பவுணாக உயர்ந்தமை கருதத்தக்கது. சபைகளின் மனம் ஒரே ஆண்டிற் கனிந்ததன்று. போட்டியாளர் ஒருவர் தோன்றினார் என்பதே காரணம்.

இலங்கை 1981 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் டெஸ்ட் தகுதி பெற்றது. அதுகாறும் ஆட்டக்காரர் வங்கிகளிலும் வர்த்தக நிலையங்களிலும் தொழில் பார்த்து, ஓய்வில் ஆடியவரே. மறு ஆண்டு பெப்ரவரியில் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் அணியை நடத்தியவர் பந்துல வர்ணபுர. அவரே, எட்டுத் திங்கள் கழியுமுன், ரோனி ஓபாத்த திரட்டிய அணியொன்றின் தலைவராகத் தென்னாபிரிக்காவுக்குச் சென்றார். நிறவெறி அரசு நிலவிய அந்நாட்டுடன் ஆடுதல் உலக நாடுகளால் விலக்கப்பட்டிருந்தது. சென்ற பதினால்வர்க்கும் கிடைத்தது பெருந்தொகை. விதிக்கப்பட்டது 25 ஆண்டுத் தடை.

இந்நிகழ்ச்சியை எடைபோடுங்கால் இரு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். நிறவெறிக்கு மறைப்பாக அமைந்த ஆட்டத்திற் பங்குகொண்டமை தவறு. தொழிலுரிமையின் பெயரால் அதனை நியாயப்படுத்தல் ஒவ்வாது. ஆயின் தண்டத்தின் அளவு வேறொன்றை உணர்த்துகின்றது. 25 ஆண்டு என்பது ஓர் ஆட்டக்காரனின் தொழில் வாழ்வைப்போல் இரு மடங்கு. அத்தடை பிற்காலத்தில் தளர்த்தப்பட்டபோது பலர் ஆடும் பருவத்தைக் கடந்திருந்தனர். வேறு வாயிலில்லாத தொழிலில் ஒரு சபையின் ஒற்றைக் கட்டளை எத்துணைத் தூரம் செல்லும் என்பதை இலங்கை ஆட்டக்காரர் தம் டெஸ்ட் வரலாற்றின் முதலாண்டிலேயே கண்டுகொண்டனர். அடுத்துவந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் குரல் பெரிதும் எழவில்லை.

1996 ஆம் ஆண்டு மார்ச்சில் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றபின் சபையின் வருவாய் பன்மடங்காயிற்று. ஆயினும் வாங்குவோன் ஒருவனே என்ற நிலை மாறவில்லை. அதனை மாற்றியது 2008 ஆம் ஆண்டிற் பிறந்த இந்திய பிரிமியர் லீக். முதன்முறையாக இலங்கை ஆட்டக்காரனுக்கு, சபையை விஞ்சிக் கொடுக்கவல்ல இரண்டாவது வாங்குவோன் தோன்றினான். விளைவு உடனே வெளிப்பட்டது. சிம்பாப்வேக்குப் பதிலாக 2009 ஆம் ஆண்டு வேனிலில் இங்கிலாந்துக்கு அணி அனுப்ப இலங்கைச் சபை இசைந்தது. அக்காலமோ லீக் நிகழும் காலம். ஆட்டக்காரர் தம் ஒப்பந்தங்களைக் கைவிட மறுத்தனர். விளையாட்டுத்துறை அமைச்சரும் அவர் பக்கம் நின்றார். பயணம் கைவிடப்பட்டது; அவ்வாண்டு மே மாதத்தில் இங்கிலாந்து சென்றது மேற்கிந்தியத் தீவுகள் அணி. ஆட்டக்காரர் சபையை எதிர்த்து முழு வெற்றி பெற்றதாகக் கூறத்தக்க நிகழ்ச்சி இதுவே.

அவ்வாண்டின் மார்ச் மாதம் 3 ஆம் நாள், இந்திய அணி செல்ல மறுத்த பாகிஸ்தானுக்கு மாற்றாகச் சென்றிருந்த இலங்கை அணியின் பேருந்து லாகூரிற் சுடப்பட்டது. காவலர் பலர் உயிரிழந்தனர். திலான் சமரவீர உள்ளிட்ட ஆட்டக்காரர் சிலர் காயமுற்றனர். ஆட்டம் ஒரு தொழில் என்பதை ஏற்கத் தயங்குவோர், அதில் தொழிலிடர் எத்தகையது என்பதையேனும் அந்நாளில் அறிந்திருப்பர்.

2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை முன்னிட்டு அம்பாந்தோட்டையிலும் பல்லேகலையிலும் புதிய அரங்குகள் எழுந்தன. கொழும்பு பிரேமதாச அரங்கும் புதுப்பிக்கப்பட்டது. அச்செலவாற் கடனில் மூழ்கிய சபை, இறுதியாட்டம் வரை சென்ற அணிக்குப் பல திங்கள் ஊதியமே வழங்கவில்லை. கட்டடத்துக்குச் செலவிட்ட சபை அதில் ஆடுபவனைக் காத்திருக்கச் செய்தமை, நெல்லடுக்கப் பட்டறை கட்டிய பின் அறுவடைக் கூலியை மறந்த கதையாயிற்று. அவ்வாண்டு யூலையில் இலண்டன் லோட்ஸில் ஆற்றிய சொற்பொழிவிற் குமார் சங்கக்கார, நாட்டின் கிரிக்கெட் நிருவாகத்தில் நிலவிய சீர்கேட்டைப் பலரறியக் கண்டித்தார். சொற்பொழிவுக்குக் கைதட்டல் மிகுதியாகக் கிடைத்தது. ஊதியம் உடனே கிடைக்கவில்லை.

2013 ஆம் ஆண்டு மார்ச்சில் நிகழ்ந்ததே சொற்பொருளிற் கதவடைப்பாகும். சர்வதேசச் சபையின் போட்டிகளால் வரும் வருவாயில் ஒரு பங்கு ஆட்டக்காரர்க்கு உரியது என்பது பற்றிய பிணக்கில், 23 ஆட்டக்காரர் ஆண்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிட மறுத்தனர். சபை அவர்களைத் தெரிவுக்கு உரியரல்லர் என அறிவித்தது. பங்களாதேஷ் அணியுடன் காலியில் டெஸ்ட் தொடங்குவதற்கோ சில நாள்களே இருந்தன. அந்நாள்கள் முடியுமுன் ஆட்டக்காரர் பணிந்து கையொப்பமிட்டனர். மார்ச் 8 ஆம் நாள் ஆட்டம் குறித்தபடி தொடங்கிற்று.

2009 இல் வென்றவர் 2013 இல் ஏன் தோற்றனர்? ஆட்டக்காரரின் ஒற்றுமை குறைந்ததென்று கூறுதல் எளிது. ஆயின் இருபத்து மூவர் ஒருங்கே மறுத்தமை ஒற்றுமைக் குறைவாகாது. முன்னைய பிணக்கில் அவர்கள் செல்லுதற்கு மற்றோரிடம் இருந்தது. சபைதான் அவர்களை வேண்டி நின்றது. பின்னைய பிணக்கிற் கேட்டதோ சபையின் கையிலிருந்த பணத்தில் ஒரு பங்கு. அதற்காக வெளியேறின் நாட்டணியை இழத்தல் வேண்டும். மேலும், பிறநாட்டு லீக்குகளில் ஆடுதற்குச் சபையின் ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் வேண்டும். மாற்று வாயிலின் திறவுகோலும் சபையிடமே இருந்தது என்பதே இதன் பொருள். மில்லர் அமெரிக்க ஆட்டக்காரர்க்கு முதலிற் பெற்றுத்தந்த நடுத்தீர்ப்பு முறையின் அருமை இவ்விடத்திற் புலனாகும். காலிப் பிணக்கைத் தீர்த்தது நடுநின்றோர் தீர்ப்பன்று, நாட்காட்டியே.

2021 ஆம் ஆண்டுப் பிணக்கு தன்மையில் வேறுபட்டது. சபை அவ்வாண்டு 24 ஆட்டக்காரரைப் புள்ளியிட்டு நால்வகைப்படுத்தி ஒப்பந்தங்களை நீட்டியது. ஆட்டத்திறனோடு உடற்தகுதி, ஒழுக்கம், எதிர்காலப் பயன்பாடு முதலியனவும் புள்ளிக்கு உரியனவாயின. மூத்தோர் சிலரின் ஊதியம் வெகுவாகக் குறைந்தது. ஆட்டக்காரர் இம்முறை பணத்தை மட்டும் கேட்கவில்லை. புள்ளி எவ்வாறு இடப்பட்டது என்பதைக் காட்டுமாறு சட்டத்தரணி வாயிலாகக் கேட்டனர். மாணவன் தன் விடைத்தாளைப் பார்க்க வேண்டுதல் போன்றது இக்கோரிக்கை. ஆண்டு ஒப்பந்தமின்றியே அணி இங்கிலாந்துக்குச் சென்றது. இந்திய அணி வந்தபோது அத்தொடருக்கு மட்டுமான ஒப்பந்தம் எழுதப்பட்டது. அஞ்சலோ மத்தியூஸ் அத்தொடரிற் பங்குகொள்ளவில்லை. ஓகஸ்டில் ஆண்டு ஒப்பந்தங்கள் ஒருவாறு கையொப்பமாயின. கொரோனாக் காலத்தில் நாட்டு மக்கள் வாழ்வாதாரம் இழந்து நிற்க, கிரிக்கெட் ஆட்டக்காரர் டொலருக்கு வாதாடுவதோ என்ற கண்டனம் அந்நாளில் எழுந்தது. அக்கண்டனத்தில் உணர்ச்சி உண்டு, கணக்கு இல்லை. ஆட்டக்காரன் விட்டுக்கொடுத்த பணம் மீனவனின் வள்ளத்தை வந்தடைவதற்கு வழியொன்றும் இருக்கவில்லை. அது சபையிலேயே தங்கியிருக்கும்.

அமெரிக்கப் பிணக்குகளில் இரு கட்சியினரே உள்ளனர். இலங்கையில் மூன்றாமவர் ஒருவர் உளர். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 1999 ஆம் ஆண்டுக்குப் பின் அமைச்சர்கள் பன்முறை சபையைக் கலைத்து இடைக்காலக் குழுக்களை அமர்த்தியுள்ளனர். உடன்பாடு செய்த சபை ஒன்று, அதனை நிறைவேற்ற வேண்டிய சபை வேறொன்று என்னும் நிலையில், ஆட்டக்காரன் யாருடன் பேரம் பேசுவான்? 2023 ஆம் ஆண்டு நவம்பரில், மும்பையில் 55 ஓட்டங்களுக்கு அணி சுருண்ட சில நாள்களில் அமைச்சர் சபையைக் கலைத்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இடைநிறுத்திற்று. அவ்வாரத்திலேயே சர்வதேசச் சபை இலங்கையின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. இலங்கையில் நிகழவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாறிற்று. மூத்தோரின் சண்டையில் இளையோர் தம் சொந்த மைதானத்தை இழந்தனர்.

அரசின் கை கடல் கடந்தும் நீளும். 2013 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசின் எதிர்ப்பினால், சென்னையில் நிகழும் லீக் ஆட்டங்களில் இலங்கையர் எவரும் ஆடலாகாது என முடிவாயிற்று. ஈழத்தமிழர் பட்ட துயரை முன்னிட்டு எழுந்த அவ்வெதிர்ப்பின் வலையில், சென்னை அணிக்காக முன்னர் மூன்றாண்டு ஆடியவரும் கண்டித் தமிழருமான முத்தையா முரளிதரனும் அகப்பட்டார். தொழிலிடம் மறுக்கப்படுங்கால் மறுப்பவரின் நோக்கம் எதுவாயினும், மறுக்கப்பட்டவனுக்குக் கதவு கதவே.

வாவிக்கரைச் சிறுவனுக்கு இவையெல்லாம் தொலைவிலுள்ள செய்திகள் எனத் தோன்றலாம். நாட்டின் முதற்தரக் கழகங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் அயலிலும் உள்ளன. கிழக்கிலிருந்து இத்தொழிலை நாடுபவன் ஊரை விட்டே அதனுட் புகுதல் வேண்டும். புகுமுன் பெருந்தடை தாண்டுபவனுக்கு, புகுந்தபின் விலகும் வழி எத்தகையது என்பது அற்ப வினாவன்று.

அதற்கு அண்மையில் எழுதப்பட்ட விடை ஒன்றுண்டு. இளம் வயதிலேயே ஆட்டக்காரர் சிலர் நாட்டணியிலிருந்து ஓய்வை அறிவிக்கத் தொடங்கவே, 2022 ஆம் ஆண்டு சனவரியிற் சபை புதிய விதிகளை வகுத்தது. ஓய்வுபெற விரும்புபவன் மூன்று திங்களுக்கு முன் அறிவித்தல் வேண்டும். ஓய்வுபெற்று ஆறு திங்கள் கழிந்த பின்னரே பிறநாட்டு லீக்குகளுக்கான சான்றிதழ் பெறலாம். உள்நாட்டு லீக்கில் ஆடுதற்கும் முந்திய பருவத்து உள்நாட்டு ஆட்டங்களில் நூற்றுக்கு 80 பங்கு ஆடியிருத்தல் வேண்டும். 1879 ஆம் ஆண்டில் ஐவரை ஒதுக்கிவைத்த அமெரிக்க உடைமையாளர் தம் உடன்பாட்டை மறைத்து வைத்தனர். இலங்கைச் சபை தன் விதிகளைப் பத்திரிகை அறிக்கையாகவே வெளியிட்டது.